கால் சுற்று

ஞாயிறு மதியம். மேசையில் பழைய செய்தித்தாள்,
ஒரு கிண்ணம் வெந்நீர், தேய்ந்த பல்துலக்கி,
நட்சத்திர முனைத் திருப்புளி,
தையல் ஊசி, எண்ணெய்.
ஜன்னலுக்கு வெளியே அரோசாக் கழிமுகம்.
கலீசியாவில் மழையும் கடலும்
வாரக் கடைசியில் ஒரே சட்டையைப் போட்டுக்கொள்ளும்.

மடக்குக்கத்தியைப் பிரிப்பதில் அவசரம் ஆகாது.
அச்சுத் திருகு கழன்றதுமே
வெண்கல வாஷர் இரண்டும்
மீன் செதிள்போல விரலில் ஒட்டிக்கொண்டு வரும்.
ஒன்று நழுவினால்
குளிர்பெட்டிக்கு அடியில் தவழ வேண்டும்.
தவழ்ந்திருக்கிறேன்.

வாரம் முழுக்க மட்டிக் கயிறுகளை அறுத்தது
அத்தனையும் உள்ளே இருக்கிறது:
உப்பு, ஓட்டுப் பொடி,
நைலானின் நீல மயிர் ஒன்று.
மணல், ஒரே ஒரு துகள் போதும்,
திறக்கும்போது கத்தி பல்லைக் கடிக்கும்.

கழுவினேன். அடுப்போரம் உலர்த்தினேன்.
ஊசிமுனையில் ஒரு சொட்டு, அதிலும் பாதி.
எண்ணெய் மிஞ்சினால்
அதுவே மணலுக்கு அழைப்பு அனுப்பும்.

பிறகு திருகு.
இறுக்கினால் அலகு அடம்பிடிக்கும்,
தளர்த்தினால் பக்கவாட்டில் ஆட்டம் காணும்.
பூட்டை விடுவித்ததும்
அது தன் கனத்தாலேயே விழ வேண்டும்;
திறந்து நிற்கையில் அசையக் கூடாது.
முக்கால் சுற்றுவரை கை தானாகப் போகும்.
அதற்குமேல் கால். அரைக்கால்.
கடைசியில் மாகாணி,
மூச்சை அடக்கிக்கொண்டு.

எதிர் நாற்காலியில் ப்ரெய்ஷோ
டார்ச் பிடித்துக்கொண்டிருக்கிறான்.
அவன் வலது ஷூவின் முன்பாதியில் பஞ்சு.
'பாதிப் பாதத்துக்குப் பாதி விலைதானே நியாயம்' என்று
கம்பாடோஸ் கடைக்காரியிடம் பேரம் பேசியவன்.
அவள் அழுதுவிட்டாள்.
இவன் முழு விலை கொடுத்து வந்தான்.

அது மார்ச் மாதம்.
முந்தின நாள் மாலை, மதுக்கடையில்,
என் கத்தியை வாங்கி ஆட்டிப் பார்த்து
'சபேலா, உன் கத்திக்குப் பல் ஆடுகிறதே' என்றான்.
எல்லாரும் சிரித்தார்கள்.
வீட்டுக்கு வந்ததும்
நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல்
இன்னும் ஒரு கால் சுற்று இறுக்கினேன்.
திறந்து பார்க்கவில்லை.
ரோஷத்துக்கு எங்கே பொறுமை?

மறுநாள் வின்ச் ஓடிக்கொண்டிருந்தது.
கயிறு அவன் பாதத்தைச் சுருக்கிட்டு இழுத்தது.
கட்டைவிரலால் தள்ளினேன்.
அலகு பாதி வந்து
நின்றது.
பல்லால் பற்றி இழுத்தேன். உதடு கிழிந்தது.
கயிறு அறுந்தது.
இடையில் எத்தனை நொடி என்று
படகில் ஒருவரும் எண்ணவில்லை.
நான் இன்னும் எண்ணுகிறேன், தூங்கப் போகும்போது.

'உப்பு பிடித்திருக்கும்' என்றார் படகுக்காரர்.
உப்பு என்றது மருத்துவமனை.
உப்பு என்றாள் அவன் மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டு.
கடலின்மேல் பழி போடுவதில் ஒரு வசதி,
அது மறுத்துப் பேசாது.
நானும் தலையசைத்தேன்.
அந்த வாரத்திலிருந்துதான்
ஞாயிறு தவறாமல் இந்தச் செய்தித்தாள்.
எந்த வாரத்திலிருந்து இவன் டார்ச்சோடு வரத் தொடங்கினான்,
நினைவில்லை. நான் கூப்பிடவில்லை.

இன்றும் ஆட்டிப் பார்த்தேன்.
அலகில் ஒரு மயிரிழை அசைவு.
கால் இறுக்கினேன்.
அசைவு நின்றது.
பூட்டை விடுவித்தேன்.
அலகு விழவில்லை, நடுவழியில் தொங்கியது,
இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு.

ப்ரெய்ஷோ டார்ச்சை மேசையில் வைத்தான்.
என் கையிலிருந்து திருப்புளியை வாங்கினான்.
என்னைப் பார்க்காமல்
இடப்பக்கம் திருப்பினான்:
கால் சுற்று.
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

'கொஞ்சம் ஆடட்டும்' என்றான்.

யார் சொன்னது இவனுக்கு?
திருகின் தலையில் என் அவசரம் விட்ட கீறலா?
கேட்க வாய் திறந்தேன்.
அதற்குள் அவன் சட்டைப்பையிலிருந்து
தன் கத்தியை எடுத்துச் செய்தித்தாள்மேல் வைத்தான்,
துருவும் மணலுமாய்.

கிண்ணத்தில் நீர் ஆறியிருந்தது.
எழுந்துபோய்
மறுபடி அடுப்பைப் பற்றவைத்தேன்.